செயற்கைக்கோள் சொன்ன நேரத்துக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடுங்கள்

முதல் ஏமாற்றம் வந்த உடனேயே பைனாகுலர் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டிய செயற்கைக்கோள் தெரியாமல் போனால் கருவியைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும். நேரம், இடம், நிழல் இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள். பாதிக் கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையத்தை, அதாவது ஐஎஸ்எஸ்ஸைப் பற்றியவை. கணக்குகள் தமிழ்நாடு, இலங்கை அட்சரேகைக்கானவை. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகளில் உள்ள பல விதிகள் நம் ஊருக்குச் சரிப்படாது.

வானம் தெளிவு, ஆனால் ஒன்றுமே வரவில்லை

முதலில் நேர மண்டலம். நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணிதான் வில்லங்கம். ஐஎஸ்எஸ் பூமியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 93 நிமிடம் எடுக்கிறது. அரை மணி தவறினால் அது உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போயிருக்கும். சில மென்பொருள்களில் மண்டலத்தை முழு மணியாக மட்டும் கொடுக்க முடியும். அப்படி ஒன்றில் 5 என்று போட்டுவிட்டு மாடியில் நின்றால், அரை மணி முன்னாலேயே வந்து காத்திருந்து, வெறுத்துப்போய்க் கீழே இறங்கிய பிறகுதான் அது தலைக்கு மேல் போகும்.

செயற்கைக்கோள் எப்போது நம் வானத்தைக் கடக்கும் என்று சொல்லும் கடப்புப் பட்டியல்கள் யுடிசியிலேயே காட்டினால் தேதியும் மாறும். விடியற்காலை 5.10க்கு நம் ஊரைக் கடப்பது, யுடிசியில் முந்தின நாள் இரவு 23.40. அதை நம் நேரம் என்று எடுத்துக்கொண்டு இரவு 11.40க்கு மாடிக்குப் போகிறவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நம் அட்சரேகையில் இரவு ஒன்பதரையிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை ஐஎஸ்எஸ் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் அது பூமியின் நிழலுக்குள் இருக்கும். ஆகவே ‘நள்ளிரவில் தெரியும்’ என்று ஒரு பட்டியல் சொன்னால், நேர மண்டலம் தவறு, அல்லது அது வேறு ஊருக்கான பட்டியல், அல்லது வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் எல்லாக் கடப்புகளையும் காட்டும் பட்டியல். கோடையில் இரவு முழுக்க ஐஎஸ்எஸ் தெரிவதாக லண்டன்காரர் எழுதுவது பொய்யில்லை. அங்கே கோடையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. இங்கே அது செங்குத்தாக இறங்கிவிடுகிறது.

அடுத்தது இடம். ஹெவன்ஸ்-அபவ் போன்ற தளங்களில் ஊரைக் குறிக்காவிட்டால் கணக்கு 0 அட்சம், 0 தீர்க்கத்துக்குப் போய்விடும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கும் கடல் நீர். கைப்பேசியில் விபிஎன் ஓடினால் சில தளங்கள் உங்களை வேறு நாட்டில் வைத்துவிடும். கடப்புப் பட்டியலைத் திறந்ததும் மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கும் பழக்கம் வரட்டும். மதுரைக்குப் பதில் திருச்சி என்று இருந்தால் பரவாயில்லை, பாதை கொஞ்சம்தான் மாறும்.

கடைசியாக உயரக் கோணம். 10 டிகிரி, 15 டிகிரி உயரத்தோடு முடிந்துவிடும் கடப்புகளை நகரத்தில் விட்டுவிடுங்கள். நீர்த்தொட்டி, தென்னை, பக்கத்து வீட்டு மாடி, கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றின் மங்கல், இவை எல்லாம் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன. கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. நான்கு முஷ்டிக்கு மேல் ஏறும் கடப்பாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

பல நாளாகப் பட்டியலே காலி

கோளாறு எதுவுமில்லை. ஐஎஸ்எஸ்ஸின் சுற்றுத்தளம் சூரியனை வைத்துப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 24 நிமிடம் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு முழுச் சுற்று வர இரண்டு மாதம் ஆகும். நம் ஊரில் சில நாள் மாலையில் தெரியும், பிறகு காணாமல் போகும், அப்புறம் மறுபடி தலைகாட்டும். அதுவரை ஹப்பிள் விண்தொலைநோக்கியைத் தேடுங்கள். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்ந்தது என்பதால் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது கிடைப்பதே இல்லை. நமக்கோ கிட்டத்தட்ட உச்சி வரை வரும். சீனாவின் தியான்கோங் நிலையமும் 41.5 டிகிரி சாய்வில் நன்றாகவே தெரியும்.

வந்தது, ஆனால் முன்னாலோ பின்னாலோ வந்தது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இதுதான். காரணம், எந்தப் பக்கம் பிழை என்பதை வானமே சொல்லிவிடும்.

முதல் கேள்வி: அது வந்த பாதை சரியாக இருந்ததா? படத்தில் காட்டிய அதே நட்சத்திரங்களை ஒட்டி, ஆனால் நேரம் மட்டும் தவறி வந்தால், உங்கள் கடிகாரத்தைச் சந்தேகப்படலாம், அல்லது சுற்றுப்பாதைத் தரவு பழசாகியிருக்கலாம். பாதையே வேறு என்றால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்த்தது வேறு ஏதோ ஒன்று.

கடிகாரமா தரவா என்று பிரிக்க, அதே மாலையில் இன்னொரு செயற்கைக்கோளைப் பாருங்கள். கடிகாரம் தவறு என்றால் எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவு தவறும். உங்கள் கடிகாரம் வேகமாக இருந்தால் எல்லாம் தாமதமாக வருவதுபோல் தோன்றும். தாமதமாக ஓடினால் எல்லாம் முந்தி வரும். ஒன்று மட்டும் தவறி மற்றவை சரியாக வந்தால், தவறியதன் தரவுதான் பழசு.

தரவு என்பது டிஎல்ஈ எனப்படும் இரண்டு வரி எண்கள். செல்ஸ்ட்ராக், ஸ்பேஸ்-ட்ராக் தளங்களில் கிடைக்கும். பெரும்பாலான செயலிகள் அங்கிருந்துதான் எடுக்கின்றன. முதல் வரியில் 25032.5 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, மற்றது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. அதாவது 2025 பிப்ரவரி 1, யுடிசி நண்பகல், நம் மாலை 5.30. இந்த எண்ணிலிருந்து இன்றைய நாள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பிழை சேரும். ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவற்றுக்கு ஒரு வாரம் பழைய தரவும் தாங்கும். ஏறத்தாழ 420 கிலோமீட்டரில் இருக்கும் ஐஎஸ்எஸ்ஸுக்கு முடிந்தால் அதே நாள் தரவு வேண்டும். செயலி இணையம் இல்லாமல் பழைய கோப்பை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கணக்குப் போடும். அமைப்புகளில் ‘புதுப்பி’ என்பதைத் தேடி அழுத்துங்கள்.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருவோம். செயற்கைக்கோள் கணக்குக்கு முந்தி வந்தால், எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காற்று உரசியிருக்கிறது என்று பொருள். உரசினால் வேகம் குறைந்து தாமதமாகத்தானே வர வேண்டும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். உரசல் பாதையைத் தாழ்த்துகிறது, தாழ்ந்த பாதையில் சுற்றுக் காலம் குறைவு, ஆகவே அது முந்தி வருகிறது. பிந்தி வந்தால், பெரும்பாலும் யாரோ எஞ்சினை இயக்கி அதை மேலே தூக்கியிருக்கிறார்கள். ஐஎஸ்எஸ்ஸை அடிக்கடி இப்படித் தூக்கிவிடுவார்கள். சூரியன் சீறும் நாட்களில் மேல் வளிமண்டலம் வீங்கி உரசல் திடீரென்று கூடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை அப்படி ஒரு காந்தப் புயலில்தான் மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன. 2024 மே மாதப் பெரும்புயல் போன்ற நாட்களில், நேற்றைய தரவையே நம்பக் கூடாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. தலைக்கு மேல் போகும்போது ஐஎஸ்எஸ் ஒரு நொடியில் ஒரு டிகிரி நகரும், அதாவது இரண்டு முழுநிலா அகலம். வெறுங்கண்ணுக்கு அரை நிமிடப் பிழை ஒரு பொருட்டில்லை. 7 டிகிரி புலம் உள்ள பைனாகுலரை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தால் ஏழு நொடிதான் கையில் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தை நம்பாமல், நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். இணையமில்லாத மடிக்கணினியின் கடிகாரம் நாளடைவில் நகர்ந்துவிடும்.

பாதி வானத்தில் அணைந்துவிட்டது

பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்குச் சொந்த விளக்கு கிடையாது. மாலையில் நிழல் கிழக்கிலிருந்து எழும்பும். செயற்கைக்கோளும் பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் போகும். அதனால் மாலைக் கடப்புகள் கிழக்குப் பாதியில் அணையும். விடியற்காலையில் நேரெதிர். மேற்கு அடிவானத்திலிருந்து ஏறி வரும் என்று காத்திருப்பீர்கள், அது நடு வானத்தில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைக்கும். மாலையில் அணையும் அந்தச் சில நொடிகளில் பைனாகுலரில் பார்த்தால் நிறம் ஆரஞ்சாக மாறுவது தெரியும். அந்த நேரத்தில் ஐஎஸ்எஸ்ஸில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது.

எங்கே அணையும் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. ‘முடிவு’ உயரம் 10 டிகிரி என்றால் அடிவானம் வரை போகும். 43 டிகிரி என்று இருந்தால் அங்கே நிழல். உச்சியில் போகும் ஐஎஸ்எஸ்ஸுக்கு வெயில் படுவது சூரியன் 20 டிகிரி கீழே இறங்கும் வரைதான். நம் ஊரில் அது மறைந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மேற்கு அடிவானத்தை ஒட்டி இன்னும் முக்கால் மணி நீளலாம்.

சொன்ன அளவுக்குப் பளிச்சென்று இல்லை

பொலிவெண் குறையக் குறையப் பொலிவு கூடும், கழித்தல் குறி வந்தால் நல்ல பளிச். நல்ல கடப்பில் ஐஎஸ்எஸ் வெள்ளிக் கோளோடு போட்டியிடும். பட்டியலில் இருக்கும் எண்ணை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். சூரியத் தகடுகள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒரு எண் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். மேற்கே இருக்கும்போது மங்கலாகவும் உச்சி தாண்டிக் கிழக்கே போகும்போது பிரகாசமாகவும் இருப்பதும் இயல்புதான். மாலையில் சூரியன் மேற்கே இருப்பதால், கிழக்கே போகும்போதுதான் வெயில் படும் பக்கம் நம்மைப் பார்க்கிறது.

செயலி காட்டிய திசையில் எதுவும் இல்லை

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வானத்தில் கோடு வரைந்து காட்டும் செயலிகள் வசதியானவைதான். ஆனால் அவற்றின் திசைகாட்டியை நம்புவது ஆபத்து. காந்தப் பூட்டு உள்ள உறை, மாடிக் கைப்பிடிச் சுவரின் கம்பி, நீர்த்தொட்டியின் இரும்புச் சட்டம், எதுவும் அதை 30 டிகிரி வரை இழுத்துவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் ஓரிரு டிகிரிதான், அதை மறந்துவிடலாம்.

உறையைக் கழற்றி, கைப்பேசியை எட்டு எண் போலச் சுழற்றி, பிறகு தெரிந்த ஒரு நட்சத்திரத்தைக் காட்டி ஒத்துப்பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு அதிகம் உதவாது. சென்னையில் அது 13 டிகிரி உயரத்திலும் மதுரையில் 10 டிகிரி உயரத்திலும் புழுதிக்குள் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் திருவாதிரை, ரோகிணி, தெற்கே அகத்திய நட்சத்திரம். சித்திரை, வைகாசியில் சுவாதியும் சித்திரையும். இவற்றில் இரண்டைப் பிடித்துவிட்டால் செயலியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் படத்தை வைத்தே பார்க்கலாம். கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

இன்னொன்று: வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். அது அச்சுப் பிழையில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டிய படம் அது.

மினுக்குகிறது, ஜோடியாகப் போகிறது, வரிசையாக வருகிறது

சிவப்பு, பச்சை விளக்குகளோடு மினுக்கினால் விமானம். வெள்ளையாக, சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால், பெரும்பாலும் உருண்டுகொண்டே சுற்றும் பழைய ராக்கெட் அடுக்கு. இரண்டு புள்ளிகள் ஒரே இடைவெளியில் சேர்ந்து போனால் அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்பு ஜோடியாக இருக்கலாம். இவை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் உயரத்தில் 63.4 டிகிரி சாய்வில் சுற்றுபவை. அசையாத வெளிச்சம் ‘மெல்ல நகர்கிறது’ என்று தோன்றினால் கண்ணை நம்பாதீர்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகவே தெரியும். மின்கம்பத்தின் உச்சியோடு சேர்த்துப் பாருங்கள்.

நீளமாக, ரயில் பெட்டிகள் போல ஒரே கோட்டில் வந்தால் ஸ்டார்லிங்க். 2019 மே மாதத்தில் முதல் தொகுதியான 60 ஏவப்பட்ட மறுநாளே நெதர்லாந்தின் லைடனிலிருந்து செயற்கைக்கோள் நோக்கர் மார்கோ லாங்ப்ரூக் அந்த வரிசையைப் படம் பிடித்தார். அன்றிலிருந்து பறக்கும் தட்டு என்று வரும் தொலைபேசி அழைப்புகளுக்குக் குறைவில்லை. ஏவிய சில நாட்களுக்குத்தான் இந்தக் காட்சி. பிறகு ஒவ்வொன்றும் மேலே ஏறிப் பிரிந்து மங்கிவிடும். அந்தச் சில நாட்களிலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதால் கணித்த நேரம் நிமிடக் கணக்கில் தவறும். பத்து நிமிடம் முன்னாலிருந்து பத்து நிமிடம் பின்னால் வரை மாடியிலேயே இருங்கள்.

பழைய வழிகாட்டிகளில் இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்களின் மின்னல்கள் என்று ஓர் அத்தியாயமே இருக்கும். நொடி சுத்தமாகக் கணித்த நேரத்தில் வெள்ளியைவிடப் பலமடங்கு பளிச்சிட்டவை. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றை 2017 முதல் 2019 வரை கீழே இறக்கிவிட்டார்கள்.

எதைப் பார்த்தோம் என்பதில் தவறுவது இந்தப் பொழுதுபோக்கு பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது, அதைத் தூக்கிச் சென்று கூடவே சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் மையப் பகுதியைத்தான். 58 சென்டிமீட்டர் உருண்டையான ஸ்புட்னிக் வெறுங்கண்ணின் எல்லையில் இருந்தது.

படத்தில் கோடு விட்டுவிட்டு விழுகிறது, அல்லது விழவே இல்லை

கைப்பேசியின் நைட் மோடில் எடுத்திருந்தால் அதுதான் காரணம். அது பல குறும்படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறது, நகர்வதைப் பிழை என்று நினைத்து அழிக்கிறது. ப்ரோ மோடுக்குப் போய், 10 அல்லது 20 நொடித் திறப்பு, ஐஎஸ்ஓ 400 அளவில், குவியத்தைக் கையால் முடிவிலிக்கு வையுங்கள். முக்காலி கட்டாயம்.

பெரிய கேமராவில் கோட்டின் நடுவே பெரிய வெட்டு விழுந்தால், நீண்ட திறப்புக்கான இரைச்சல் குறைப்பை அணைக்க மறந்திருக்கிறீர்கள். 20 நொடிப் படம் எடுத்ததும் கேமரா இன்னொரு 20 நொடி மூடிய படம் ஒன்றைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஐஎஸ்எஸ் கிழக்கே போய்விடும். முக்காலியில் வைத்ததும் லென்ஸின் அசைவு நிலைப்படுத்தலையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கோடு நெளியும். படம் முழுக்கப் பஞ்சு போல மங்கினால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்த கேமராவில் கடலோர ஊர்களில் இது நடந்தே தீரும். அரை மணி முன்னால் பையோடு மாடியில் வைத்துவிட்டால் போதும்.

நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டிருக்க, சில புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன

கேமரா பழுது என்று நினைத்து இந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். மூடியைப் போட்டு ஒரு படம் எடுங்கள். அதே இடங்களில் புள்ளி விழுந்தால் சென்சாரின் சூட்டுப் புள்ளிகள். விழவில்லை என்றால் நீங்கள் புவிநிலைச் செயற்கைக்கோள்களைப் பிடித்திருக்கிறீர்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் அவை அசையாமல் நிற்கின்றன. நிலையான முக்காலியில் நட்சத்திர ஒளி கோடாகச் சிதறும்போது அவற்றின் ஒளி ஒரே இடத்தில் சேர்கிறது. அதனால்தான் வெறுங்கண்ணுக்குச் சற்றும் எட்டாதவை படத்தில் விழுகின்றன.

இந்த வேலைக்கு நம் ஊரைப் போல வசதியான இடம் குறைவு. வடநாடுகளில் இவை வரிசையாக நிற்கும் வளைவு தெற்கு அடிவானப் பக்கம் சரிந்து கிடக்கும். சென்னையிலிருந்து அது உச்சிக்குத் தெற்கே 15 டிகிரியிலேயே போகிறது. இன்சாட், ஜிசாட் நிறுத்தப்படும் 83 டிகிரி கிழக்கு கிட்டத்தட்ட நம் தலைக்கு மேல்தான், டிஷ் ஆன்டெனாக்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் அதனால்தான். 50 முதல் 85 மில்லிமீட்டர் லென்ஸ், முழுத் துளை, 30 நொடி, ஐஎஸ்ஓ 1600, பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து அடுக்கிப் பாருங்கள். மார்ச் மாதச் சம இரவு நாட்களை ஒட்டி நள்ளிரவுக்கு முன்பு அவை வழக்கத்தைவிடப் பளிச்சிடும், பிறகு நிழலுக்குள் போய் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காணாமல் போகும். செப்டம்பரிலும் இதே நடக்கும், மேகம் விட்டால் பார்க்கலாம்.

நட்சத்திரத்தைத் தொடரும் மவுண்ட்டில் எடுப்பவர்களுக்கு இதே சங்கதி வேறு உருவில் வரும். ஓரியன் பட்டையைப் படமெடுத்தால் கிழக்கு மேற்காகச் சின்னச் சின்ன இணைகோடுகள் விழும். மதுரையிலிருந்து பார்த்தால் புவிநிலை வளைவு பட்டையின் நடு நட்சத்திரத்துக்கும் கிழக்கு ஓர நட்சத்திரத்துக்கும் இடையில் புகுந்து போகிறது. கோடுகள் வேண்டாம் என்றால் அடுக்கும்போது, ஒரு படத்தில் மட்டும் தனித்து விழுவதை அழிக்கும் சிக்மா நீக்கத்தைப் போடுங்கள். நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

சூரியனையோ நிலவையோ கடந்ததாகச் சொன்னார்கள், நமக்கு விழவில்லை

கடக்கும் நேரம் அரை நொடி அளவுதான். பார்க்க முடிகிற பட்டை நிலத்தில் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஊர்ப் பெயரைக் கொடுத்துக் கணக்கிட்டால் போதாது, நிற்கும் இடத்தின் துல்லியமான அட்ச தீர்க்கம் வேண்டும். தரவு அன்றைய காலை எடுத்ததாக இருக்க வேண்டும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல், கணித்த நேரத்துக்குப் பதினைந்து நொடி முன்னாலிருந்து வீடியோ ஓட விடுங்கள். சூரியன் என்றால் லென்ஸின் முன்பக்கம் சூரிய வடிகட்டி இல்லாமல் எதையும் திருப்பக் கூடாது. இதில் பேரமே கிடையாது.

ரேடியோவில் இரைச்சல் மட்டும்

மேகம் மூடிய நாட்களில் பலர், கணினியில் செருகும் ரேடியோ வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டோங்கிளுக்கு மாறுகிறார்கள். இங்கும் முதல் கேள்வி, அந்தச் செயற்கைக்கோள் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைப் படம் அனுப்பிய நோவா 15, 18, 19 மூன்றையும் 2025 ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் நிறுத்திவிட்டார்கள். பழைய காணொளிகளைப் பார்த்து அவற்றைத் தேடினால் கிடைப்பது இரைச்சல்தான். ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசைக்கு மாறுங்கள். ஆனால் அது டிஜிட்டல், பழைய மென்பொருள் அதைப் படிக்காது.

ஐஎஸ்எஸ் படம் அனுப்பும் நாட்களில் வழக்கமாக 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் நிகழ்ச்சி அன்று உண்டா என்று பார்த்துவிட்டு, மெல்லிய குறிகளை அடக்கிவிடும் ஸ்க்வெல்ச்சைத் திறந்து விடுங்கள். மோட் குறும்பட்டை எஃப்எம்மில் இருக்க வேண்டும். வானொலி நிலையம் கேட்கும் அகலப் பட்டையில் வைத்தால் குறி இரைச்சலில் மூழ்கிவிடும். விலை குறைந்த பழைய டோங்கிள் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, தவறினால் இந்த அதிர்வெண்ணில் அதுவே 7 கிலோஹெர்ட்ஸ். சூடாக ஆகக் கூடவே நகரும். முதலில் தெரிந்த ஒரு நிலையத்தை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறுவதுதான் டாப்ளர் நகர்வு. அது 145 மெகாஹெர்ட்ஸில் மேலும் கீழும் மூன்றரை கிலோஹெர்ட்ஸ், எஃப்எம்முக்கு அது பெரிதில்லை. 437 மெகாஹெர்ட்ஸில் பத்தைத் தாண்டும், திருத்தாவிட்டால் கடப்பின் தொடக்கமும் முடிவும் போய்விடும்.

வானம் முழுக்கப் போலிக் குறிகள் தெரிந்தால் கெயினைக் குறையுங்கள். நகரத்தில் எஃப்எம் நிலையங்கள் டோங்கிளை மூழ்கடிக்கும், 88 முதல் 108 வரை தடுக்கும் வடிகட்டி நல்ல செலவு. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், மாடி எல்இடி விளக்கையும் அணையுங்கள். ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை 120 டிகிரி கோணத்தில் கிடையாக விரித்தால் 137 மெகாஹெர்ட்ஸுக்குப் போதும். ஐஎஸ்எஸ்ஸுக்கு 49 சென்டிமீட்டர். வந்த படம் சாய்ந்திருந்தால் ஒலி அட்டையின் மாதிரி வேகம் தவறு, மென்பொருளில் சாய்வுத் திருத்தம் இருக்கும்.

சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது என்றால் மறுபடி நிழல். 1974இல் ஏவிய அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளான ஆஸ்கார் 7 இதற்குச் சரியான உதாரணம். பேட்டரி செத்து 1981இல் மௌனமானது. 2002இல் திடீரென்று மறுபடி பேசத் தொடங்கியது. பேட்டரியின் ஷார்ட் தானாக விட்டுப்போய், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகப் போகத் தொடங்கியதே காரணம் என்கிறார்கள். வெயில் பட்டால் விழிக்கும், நிழலில் போனால் அணையும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத இடத்தில் ஒரு குறி டாப்ளர் வளைவோடு வந்தால், கருவிப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி, சூமா என்ற ரகசியச் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்றைப் பிடித்தார். அது 2005 டிசம்பரில் தொடர்பு அறுந்துபோன, நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள். வளைவு செங்குத்தாக இறங்கும் நடுப்புள்ளிதான் அது உங்களுக்கு மிக அருகில் இருந்த கணம். அந்த நேரத்தை நொடியோடு யுடிசியில் குறித்து, நின்ற இடத்தையும் டோங்கிளின் பிபிஎம் திருத்தத்தையும் கூடவே எழுதி, பதிவுக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். அடுத்த நாளும் அதே அதிர்வெண்ணில் கேளுங்கள். உள்ளூர்க் கோளாறு என்றால் வளைவு இருக்காது.